தேங்க்ஸ்கிவிங் மேசை விரிப்பு: துணி வாங்குவதிலிருந்து மடித்து வைப்பதுவரை

அமெரிக்காவில் நன்றி சொல்லும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் வருகிற, நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமைக்கென்றே எங்கள் வீட்டில் ஒரு மேசை விரிப்பு இருக்கிறது. வெள்ளைத் துணி. அன்று சாப்பிட வருகிற ஒவ்வொருவரும் அதில் தங்கள் கைப்பட ஒரு வரி எழுதுவார்கள். இந்த வருஷம் யாருக்கு, எதற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறதோ, அது. எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, அந்த எழுத்தின் மேலேயே ஊசி நூலால் தைத்துவிடுவேன். அடுத்த வருஷம் அதே துணி, வேறு நிற நூல்.

அமெரிக்காவில் நிறையக் குடும்பங்களில் இருக்கிற வழக்கம்தான் இது. நாங்கள் மாசசூசெட்ஸின் தென்கிழக்குப் பகுதியில், பிளிமத்துக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறோம். இங்கே குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா எங்களைத் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அழைத்தார். பிள்ளைகள் அவரைப் பாட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். அவர் வீட்டு மேசையில்தான் இப்படி ஒரு விரிப்பை முதலில் பார்த்தேன். எனக்கு, கயிறு முறுக்கினாற்போல ஓடுகிற ஸ்டெம் ஸ்டிச் தையலை மறுபடி சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

தெரிந்தவர்கள் பலர், இதை எப்படிச் செய்வது என்று கேட்டுவிட்டார்கள். அதனால் துணியிலிருந்து தொடங்கி முழுதாக எழுதி வைக்கிறேன். நடுவில் சமையலும் வரும். விரிப்பில் விழுகிற கறை எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது என்பதால் அதைத் தள்ளிவைக்க முடியவில்லை.

துணி

பாலியெஸ்டர் கலந்த விரிப்புகள் கடையில் மலிவாகக் கிடைக்கும். சுருங்காது, இஸ்திரியும் வேண்டாம். ஆனால் தைக்கத் தைக்க அது இழுத்துக்கொண்டு சுருக்கம் விழும், எண்ணெய் பிடித்தால் லேசில் விடாது. பருத்தி, இல்லையென்றால் பருத்தியும் லினனும் கலந்தது, இதுதான் சரி. நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பின்னால் இருக்கிற விரல் தெளிவாகத் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். பின்பக்கம் ஓடுகிற நூலெல்லாம் முன்னால் நிழலாகத் தெரியும்.

எங்கள் மேசை 72 அங்குல நீளம், 40 அங்குல அகலம். 60 அங்குல அகலத் துணியில் 2¾ கஜம் வாங்கினேன். சுருங்கியது, ஓரம் மடித்தது எல்லாம் போக அகலவாட்டில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 7 அங்குலம் தொங்குகிறது. உட்காருகிறவர் மடியில் வந்து விழாது, அதே சமயம் அரைகுறையாகவும் தெரியாது.

வெட்டுவதற்கு முன்னால் கட்டாயம் துவைக்க வேண்டும். சுடுதண்ணீரில் போட்டு டிரையரில் காயவைத்து, அதையே இன்னொரு முறையும் செய்தேன். பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும். எம்பிராய்டரி நூல் அந்த அளவுக்குச் சுருங்காது. தைத்த பிறகு துணி மட்டும் சுருங்கினால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் துணி குமிழ் குமிழாக எழும்பி நிற்கும், இஸ்திரி போட்டாலும் அமுங்காது. ஓரத்துக்கு முதலில் அரை அங்குலம், அதன்மேல் ஒரு அங்குலம் மடித்து மெஷினில் ஓட்டிவிட்டேன். மூலைகளை 45 டிகிரியில் வெட்டி மடித்தால் நான்கு மூலையும் தடிக்காமல் படியும்.

பேனா

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேனா சரியில்லை என்றால் மற்ற எல்லா வேலையும் வீண்.

துணியில் குறிக்கிற பேனாக்கள் பல வகை. ஊதா நிறத்தில் ஒன்று, காற்றுப் பட்டாலே ஓரிரு நாளில் மறைந்துவிடும். நம் வேலை வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால் அது ஆகாது. இஸ்திரிச் சூட்டில் மறைகிற பேனா இன்னொன்று. எழுத வழவழப்பாக இருக்கும், கோடு மெல்லிசாக விழும். ஆனால் அந்த மை கடுங்குளிரில் திரும்பி வந்துவிடும். எங்கள் ஊர் ஜனவரியில், சூடில்லாத கராஜிலோ காரின் பின்பக்கத்திலோ ஒரு ராத்திரி கிடந்தால் போதும், மறைந்த கோடெல்லாம் மறுபடி தலைகாட்டும். பெர்மனன்ட் மார்க்கரால் எழுதி, தைக்காமல் அப்படியே விடுகிறவர்களும் உண்டு. அது துவைக்கத் துவைக்க வெளிறி ஓரம் மங்கலாகிவிடும்.

நான் பயன்படுத்துவது தண்ணீரில் அழிகிற நீலப் பேனா. இதற்கு இரண்டே விதி. எழுத்தின் மேல் சூடு படக் கூடாது, சூடு பட்டால் நீலம் துணியிலேயே தங்கிவிடலாம். அழிக்கும்போது முதலில் வெறும் குளிர்ந்த தண்ணீர்தான், சோப்பு அப்புறம். புதுப் பேனா வாங்கினால் வெட்டிய துண்டுத் துணியில் எழுதி, காயவிட்டு, அழித்துப் பார்த்த பிறகுதான் விரிப்பில் தொடுவேன்.

துணியில் எழுதும்போது பேனாவோடு துணியும் நகரும். அதற்குப் பாட்டி சொன்ன வழி: துணிக்கு அடியில் 220 எண் உப்புத்தாளைச் சொரசொரப்புப் பக்கம் மேலே வருகிற மாதிரி வைப்பது. துணி அசையவே அசையாது, ஆறு வயதுப் பிள்ளைகூட நிதானமாக எழுதலாம். அப்புறம் ஒரு தடித்த அட்டையில் 6 அங்குலத்துக்கு 2 அங்குலம் ஜன்னல் வெட்டிக்கொள்கிறேன். அந்த ஜன்னலுக்குள்தான் எழுத வேண்டும். இது இல்லையென்றால் ஒருவர் முழ நீளத்துக்கு எழுதுவார், இன்னொருவர் எறும்பு மாதிரி மூலையில் எழுதிவிட்டுப் போவார். எழுத்து அரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று மட்டும் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். காரணம் தையலில் வரும்.

அந்த வாரம்

அன்றைய விருந்தின் டர்க்கி, அதாவது வான்கோழி, எங்கள் வீட்டில் ஏறக்குறைய 12 பவுண்டு. ஃபிரிட்ஜில் வைத்து உறைநிலை போக்க 4–5 பவுண்டுக்கு ஒரு நாள் என்று கணக்கு. அதனால் ஞாயிற்றுக்கிழமையே ஃபிரீசரிலிருந்து இறங்கிவிடும். உறை விட்டதும் 5 பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு என்று மேலெல்லாம் தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜிலேயே வைத்துவிட்டால் தோல் நன்றாக உலர்ந்து மொறுமொறுப்பாக வரும். உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாயிற்றா என்று வெப்பமானி குத்திப் பார்ப்பது என் கணவர் வேலை. அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். அவர்கள் சுத்த சைவம். அதனால் ரொட்டி, செலரி, வெங்காயம், சேஜ் இலை போட்ட ஸ்டஃபிங்கைக் காய்கறி வேகவைத்த தண்ணீரில் தனியாகத் தட்டில் செய்தோம். மாவு ஓட்டுக்குள் பூசணி இனிப்பு வைத்துச் சுடுகிற பூசணிக்காய் பை (pie) மட்டும் பண்ணைக் கடையிலிருந்து வரும். அவர்கள் செய்கிற மாதிரி எனக்கு இன்னும் மேல்மாவு படியவில்லை, அதில் நேரம் செலவழிக்கிற ஆசையும் இல்லை.

என் அக்கறையெல்லாம் கிரான்பெர்ரி என்கிற சின்னச் சிவப்புப் புளிப்புப் பழத்தில்தான். எங்கள் பக்கத்துப் பயிர் அது. கார்வர், வேர்ஹாம் பக்கம் அக்டோபரில் போனால் வயலில் தண்ணீர் கட்டி, பழங்களைக் கொடியிலிருந்து உதிர்த்து மிதக்க விட்டிருப்பார்கள். ஒவ்வொரு பழத்துக்குள்ளும் காற்றறைகள் இருப்பதால் அப்படியே மேலே வந்து நிற்கும். கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள் பறித்துச் சாப்பிட்ட பழம் இது. மார்த்தாஸ் வின்யர்ட் தீவில் இருக்கிற அக்வினா வாம்பனோவாக் மக்கள் இன்றைக்கும் அக்டோபர் இரண்டாம் செவ்வாய்க்கிழமையைக் கிரான்பெர்ரி நாளாகக் கொண்டாடுகிறார்கள். தேங்க்ஸ்கிவிங் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

பள்ளியில் சொல்லிக் கொடுக்கிற கதை 1621. அந்த இலையுதிர் காலத்தில் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் ஐம்பது பேரளவில் அறுவடையைக் கொண்டாட, வாம்பனோவாக் தலைவர் மாசசாய்ட் தன் ஆட்கள் 90 பேரோடு வந்து மூன்று நாள் இருந்தார். அவர்கள் கொண்டு வந்தது ஐந்து மான். இது அங்கே இருந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த மக்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கதையைப் பாதியில் நிறுத்துவது சரியில்லை என்று நினைக்கிறேன். 1970 முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் அன்றும் பிளிமத்தின் கோல்ஸ் ஹில் மேட்டில் பூர்வகுடி மக்கள் துக்க நாளாகக் கூடுகிறார்கள். நாங்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் மகள் இந்த இரண்டையும் வாசிப்பாள், வாசித்துவிட்டுத்தான் தட்டை எடுப்போம். தேசிய விடுமுறை என்பதெல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது. பத்திரிகை ஆசிரியர் சாரா ஜோசஃபா ஹேல் வருஷக்கணக்கில் எழுதி எழுதிக் கேட்டு, 1863இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது ஜனாதிபதி லிங்கன் அறிவித்தார். நான்காம் வியாழக்கிழமை என்று சட்டமானது 1941இல்.

சரி, கிரான்பெர்ரி. கடையில் விற்கிற பொட்டலம் 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம். ஒன்றில் சாஸ், ஒன்றில் தொக்கு. சாஸுக்கு ஒரு கப் தண்ணீர், ஒரு கப் சர்க்கரை கொதித்ததும் பழத்தைப் போட்டு, பத்து நிமிஷம். பழம் பட்பட்டென்று வெடிக்கும். கெட்டிப்படுத்துகிற பெக்டின் பழத்திலேயே இருப்பதால் ஆறினால் தானாகக் கெட்டிப்படும், வேறொன்றும் சேர்க்க வேண்டாம். கடைசியில் ஆரஞ்சுத் தோல் துருவல் கொஞ்சம்.

தொக்குதான் எங்கள் வீட்டு அடையாளம். இங்கே பல தமிழ் வீடுகளில் நவம்பர் வந்தால் இது உண்டு. நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்துக் கடுகு வெடித்ததும் பெருங்காயம், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், பிறகு கழுவித் துடைத்த பழம். கழுவிய ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், பழமும் வெடிக்கும், அதனால் உடனே மூடி போட வேண்டும். வெடிப்பு அடங்கியதும் கரண்டியால் மசித்து, உப்பும் இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூளும் சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் பிரிகிறவரை கிளறுவது. வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, வெல்லம் இரண்டு மேசைக்கரண்டி போட்டு இறக்கினால் முடிந்தது. புளி தேவையில்லை, பழமே அவ்வளவு புளிப்பு. டர்க்கிக்குத் தொட்டுக்கொள்ள இதைவிடப் பொருத்தமாக ஒன்றும் கிடையாது. பாட்டி இதை ஒரு பாட்டில் வீட்டுக்கு எடுத்துப் போவார், டோஸ்ட்டில் தடவிச் சாப்பிடுவாராம்.

எழுதுகிற நேரம்

சாப்பாட்டுக்கு முன்னால் எழுதுவதா, பின்னால் எழுதுவதா? முன்னால் எழுதினால் எல்லோரும் பசியில் அவசரப்படுவார்கள். தவிர, தண்ணீரில் அழிகிற பேனா. ஒரு டம்ளர் சாய்ந்தால் அத்தனையும் போச்சு. அதனால் சாப்பிட்டு, பாத்திரமெல்லாம் எடுத்த பிறகு, பை வெட்டுவதற்கு முன்னால் எழுதுகிறோம். கறை பட்ட இடத்தை உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பக்கத்தில் ஒரு குண்டூசி குத்தி வைத்துவிடுவேன். அந்த இடத்துக்கு அட்டை ஜன்னல் போகாது.

என்ன எழுதுவது என்று தெரியாமல் முழிப்பவர்களுக்குப் பாட்டி வீட்டு வழக்கம் ஒன்று கைகொடுக்கிறது. ஒவ்வொரு தட்டிலும் ஐந்து சோளமணி வைப்பார்கள். நியூ இங்கிலாந்துப் பக்கத்துப் பழைய வழக்கம் அது. ஒவ்வொரு மணியாக எடுத்து நடுவில் இருக்கிற கிண்ணத்தில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும். முதல் இரண்டு எல்லோருக்கும் சுலபமாக வந்துவிடும்: உடம்பு நன்றாக இருக்கிறது, வேலை இருக்கிறது. மூன்றாவதில் கொஞ்சம் யோசிப்பார்கள். நாலாவது, ஐந்தாவதில்தான் அவர்களுக்கே தெரியாமல் மனசில் கிடந்தது வெளியே வரும். அதை எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்துவிடுவேன்.

என் மகன் ஐந்தாவது மணிக்கு, பனி அள்ளுகிற வண்டியை ஓட்டுகிற மாமாவுக்கு நன்றி என்றான். விடிவதற்கு முன்னால் அந்த வண்டியின் ஆரஞ்சு விளக்கு எங்கள் ஜன்னலில் சுழன்று போகும், அதற்காகவே அவன் எழுந்து உட்கார்ந்திருப்பான். அதை இங்கிலீஷில் எழுதினான், எஸ் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி நின்றது. மகள் திருத்தப் போனாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அவன் இன்னும் ஒரு வருஷத்தில் தானாகச் சரியாக எழுதிவிடுவான். இப்படித் திருப்பி எழுதிய கை அப்புறம் கிடைக்காது.

அம்மாதான் பேனாவை வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"துணியில எழுதச் சொல்லுதியே, நான் என்னத்தம்மா எழுத?"

"என்ன தோணுதோ எழுதுங்கம்மா. பெருசா ஒண்ணும் வேண்டாம்."

"தமிழ்ல எழுதினா இவங்களுக்குப் புரியுமா?"

பாட்டிக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், அவர் அட்டை ஜன்னலை எடுத்துத் தன் பெயருக்குப் பக்கத்தில் வைத்து, இங்கே எழுதச் சொல் என்றார். அம்மா மூன்றே சொல் எழுதினார்கள்: ஒரு குறையும் இல்லை.

எல்லோரும் எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் செல்பேசியில் நேர் மேலே இருந்து படம் எடுத்துவிடுவேன். பக்கத்தில் ஒரு அளவுகோலும் தெரிய வேண்டும். எங்காவது ஈரம் பட்டு எழுத்து அழிந்தால், படத்தை அதே அளவில் அச்செடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, துணியை மேலே வைத்து மறுபடி வரைந்துகொள்ளலாம்.

தையல்

தேங்க்ஸ்கிவிங் முடிந்தால் எங்கள் ஊரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். பொங்கல் வரைக்கும் சாயங்காலங்கள் இந்த வேலைக்குத்தான். ஆறு இழை உள்ள சாதாரண எம்பிராய்டரி நூல். நான் வாங்குவது டிஎம்சி, ஊரிலிருந்து யாராவது வந்தால் ஆங்கர் நூல் கொண்டுவரச் சொல்வேன். இரண்டும் சாயம் போகாது. முழங்கை நீளத்துக்கு, அதாவது 18 அங்குலம் வெட்டி, ஆறு இழையில் இரண்டை மட்டும் பிரித்துக் கோப்பது. நீளமாக வெட்டினால் துணிக்குள் போய்ப் போய் வந்து நூல் பஞ்சாகிவிடும். சிவப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தி, சாயம் இறங்கவில்லை என்று பார்த்துக்கொள்வதும் நல்லது.

துணியை இழுத்துப் பிடிக்கிற வட்ட ஃபிரேம் 5 அங்குலம் போதும். உள்வளையத்தில் பருத்தி நாடா சுற்றிக்கொண்டால் துணி வழுக்காது. ஒவ்வொரு நாளும் முடித்ததும் ஃபிரேமைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்தால் வட்டமாக ஒரு தடம் விழுந்து, போகவே போகாது.

முடிச்சுப் போட்டுத் தொடங்குவதில்லை. விரிப்பு மேசையில் படியும்போது முடிச்சு இருக்கிற இடம் மேடாகத் தெரியும், துவைக்கும்போது அவிழவும் செய்யும். பின்பக்கம் ஒரு விரல் நீளம் நூலை விட்டுத் தொடங்கி, பிறகு அந்த வாலைத் தைத்த தையலுக்கு அடியிலேயே செருகிவிடுவேன். முடிக்கும்போதும் அப்படியே. ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போக அரை அங்குலத்துக்கு மேல் நூலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவதும் கூடாது, முன்னால் தெரியும்.

இங்கிலீஷில் பெரிய எழுத்தாகப் பிரித்து எழுதியிருந்தால், ஒவ்வொரு தையலும் பின்னால் போய் முந்தின தையலைத் தொடுகிற பேக் ஸ்டிச் அழகாக நிற்கும். பாட்டியின் எழுத்து கூட்டெழுத்து, கை எடுக்காமல் ஒரே ஓட்டமாகப் போவது. அதற்கு ஸ்டெம் ஸ்டிச். தமிழ் எழுத்துக்கு இந்த இரண்டுமே முழுதாகச் சரிப்படவில்லை. நம் எழுத்தில் நேர்கோடு குறைவு, சுழி அதிகம். பேக் ஸ்டிச்சில் தைத்தால் சுழி எல்லாம் கோணல் கோணலாக, பட்டையாக நிற்கிறது. ஸ்ப்ளிட் ஸ்டிச்தான் இதற்கு ஏற்றது. முதல் தையலைப் போட்டு, அடுத்த முறை ஊசியை அடியிலிருந்து மேலே எடுக்கும்போது அந்தத் தையலின் இரண்டு இழைக்கும் நடுவே பிளந்துகொண்டு வருவது. இரண்டு இழை வைத்திருப்பதால் சரிபாதியாகப் பிளக்கும், கோடு விட்டுப்போகாமல் ஓடும். நேராகப் போகிற இடத்தில் தையல் 3 மில்லிமீட்டர், சுழியில் அதில் பாதி. ணகரம், ஞகரம் மாதிரிச் சுழி கூடிய எழுத்துகள் சின்னதாக இருந்தால் சுழிக்குள் இருக்கிற வெள்ளை நூலிலேயே மூடிப்போகும். அரை அங்குலத்துக்குக் குறையாமல் எழுதச் சொல்வது அதனால்தான். அப்படியும் சின்னதாக எழுதிவிட்டால் ஒரே இழையில் தைப்பேன்.

மெய்யெழுத்துப் புள்ளிக்கு ஃபிரெஞ்ச் நாட் என்கிற சின்ன முடிச்சுத் தையல். ஊசியில் நூலை ஒரே ஒரு சுற்று சுற்றி, வெளியே வந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு இழை தள்ளி இறக்க வேண்டும். அதே ஓட்டையில் இறக்கினால் முடிச்சும் உள்ளே போய்விடும். இரண்டு சுற்று சுற்றினால் புள்ளி பெரிதாகி எழுத்தை அமுக்குகிறது. வேகமாக எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டிருப்பார்கள். நான் சேர்ப்பதில்லை. எழுதிய கை என்ன எழுதியதோ அதுதான் விரிப்பில் வர வேண்டும்.

அம்மாவின் வரியில் இரண்டு புள்ளி, யும், இல். கடைசி எழுத்தில்தான் ஊசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் இப்போது எழுதுகிற லை இல்லை அது. லகரத்தின் தலைக்கு மேல் துதிக்கை வளைந்து நிற்கிற பழைய லை. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, பெரியார் சொன்ன முறையில் லை, ளை, ணை, னை எல்லாம் மாறிவிட்டன. அம்மா பள்ளிக்கூடம் போனது அதற்கு முன்னால். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவள் பார்த்தே இராத எழுத்து. அந்தத் துதிக்கையை அவளே தைக்கிறேன் என்றாள். லகரத்தின் தலையில் தொடங்கி மேலே ஏறி, வளைந்து, முன்னால் இறங்குகிற கோடு. முழுக்க ஒன்றரை மில்லிமீட்டர் தையலாகப் போகச் சொன்னேன். வளைவு திரும்புகிற இடத்தில் துணியைத்தான் திருப்ப வேண்டும், கையை அல்ல. ஒரு சாயங்காலம் முழுக்க அந்த ஒரு எழுத்துக்கே போயிற்று. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அவசரப்படாம போடு தாயி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஒருவர் எழுதிய வரியை அரை நிமிஷத்தில் வாசித்துவிடலாம். தைக்கும்போது அதே வரியோடு இரண்டு மூன்று ராத்திரி இருக்க வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் பேனா தயங்கி மை அழுத்தமாக விழுந்திருக்கிறது, எங்கே வேகமாக ஓடியிருக்கிறது என்பதெல்லாம் ஊசி நுனியில் தெரிந்துவிடும். என் கணவர் எப்போதும் சுருக்கமாகத்தான் எழுதுவார். இந்த முறை, நைட் ஷிஃப்ட் இருந்த மாதங்களில் பிள்ளைகளை நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டதற்கு என்று எழுதியிருந்தார். நேரில் அவர் அதைச் சொன்னதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. அதைத் தைத்து முடிப்பதற்குள் அந்த மாதங்களின் களைப்பு எனக்குப் பாதி போய்விட்டது. இந்த விரிப்பை ஏன் பேனா எழுத்தோடு விடக் கூடாது, ஏன் தைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

அழிப்பதும் கறையும்

எல்லா வரியும் முடிந்த பிறகுதான் தண்ணீர். பெரிய தொட்டியில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, விரிப்பை விரித்தாற்போல அமிழ்த்தி, நீலம் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் இன்னும் ஒருமுறை. பேனா மை துணியில் மிச்சம் இருந்தால் காய்ந்ததும் லேசாக மறுபடி தெரியும். அதனால் நன்றாக அலச வேண்டும்.

அதற்கப்புறம் குண்டூசி குத்தி வைத்த இடங்கள். கிரான்பெர்ரிக் கறைக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஒற்றி எடுப்பது. நேராகச் சோப்பைத் தேய்த்தால் அந்தச் சிவப்பு நீலம் பாரித்துப் போகும், அப்புறம் எது பேனா, எது பழம் என்றே தெரியாது. கிரேவி, வெண்ணெய், நல்லெண்ணெய்க்குப் பாத்திரம் கழுவுகிற திரவமே போதும், கொஞ்ச நேரம் ஊறவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசலாம்.

தொக்கு விழுந்த இடத்தில் மஞ்சளும் இருக்கும். சோப்புப் பட்டதும் மஞ்சள் கறை செக்கச்செவேல் என்று ஆகும், பார்த்தால் பகீரென்று இருக்கும். பயப்பட வேண்டாம், காரத்தில் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும், அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சளின் நிறப்பொருளை வெளிச்சம் சிதைத்துவிடும், நம் ஊரில் காலையில் கொடியில் போட்டுச் சாயங்காலம் எடுத்தால் போயிருக்கும். எங்கள் ஜனவரி வெயிலுக்கு அவ்வளவு பலம் இல்லை. தெற்குப் பார்த்த ஜன்னலில் ஈரத்தோடு போட்டு, சில நாள் விட்டுவைக்க வேண்டும். குளோரின் பிளீச் பக்கமே போகக் கூடாது, கறையோடு தைத்த எழுத்தின் நிறமும் போய்விடும்.

முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, படுக்கை வசத்தில் காயப்போடுவேன். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே தடித்த துண்டின் மேல் எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, பின்பக்கமாக இஸ்திரி. அப்போதுதான் புள்ளிகள் நசுங்காமல் எழும்பி நிற்கும். நீலம் முழுக்கப் போய்விட்டதா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே இஸ்திரிப் பெட்டியைத் தொட வேண்டும்.

எடுத்து வைப்பது

கஞ்சி போடக் கூடாது, கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி தேடி வரும். பிளாஸ்டிக் பையும் வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று துணி பழுப்பேறும். அம்மா ஊருக்குப் போகும்போது அப்பாவின் பழைய பருத்தி வேட்டி ஒன்றை விட்டுப் போனார்கள். பல வருஷம் துவைத்து மெத்தென்று ஆன வேட்டி. இப்போது விரிப்பு அதில்தான் சுற்றிக் கிடக்கிறது. முடிந்தால் குழலில் சுருட்டி வைக்கலாம், எங்கள் அலமாரியில் அதற்கு இடமில்லை. அதனால் மடித்துத்தான் வைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வருஷமும் வேறு வேறு இடத்தில் மடிப்பு விழும்படி பார்த்துக்கொள்கிறேன். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் இருந்தால் அந்தக் கோட்டில் இழை நைந்துவிடும்.

நூலின் நிற எண்ணையும் வருஷத்தையும் ஒரு சின்னத் துணித்துண்டில் எழுதி, அந்த நூலிலேயே நாலு தையல் போட்டு, விரிப்போடு சேர்த்து வைத்திருக்கிறேன். எங்காவது ஒரு தையல் அறுந்தால் அதே நிறத்தை வாங்கிச் சரிசெய்யலாம். அடுத்த வருஷத்துக்கு மகள் கிளிப்பச்சை எடுத்துவிட்டாள். இடம் ஜன்னல் பக்கத்து ஓரத்தில் இன்னும் நிறைய இருக்கிறது.